துடைக்காத கார்டு

கையெழுத்துப் போடுற வரைக்கும் சொல்லலாம்ல, அண்ணாச்சி? போட்டதுக்கு அப்புறந்தான சொல்லக்கூடாது? அதுதான நியாயம்?

இல்ல, நான் மதுரைக்குப் போறதே அதுக்குத்தான். பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு காகிதம். அதுல கையெழுத்துப் போட்டுட்டா, ஒரு கம்ப்யூட்டர் கார்டு, அந்தக் கார்டைச் செஞ்ச கம்பெனி கோளாறைச் சரிபண்ணி அவங்களா வெளிய சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடக்கூடாது. இப்ப மணி ஒன்பதரை. அப்ப இன்னும் ரெண்டரை மணி நேரம் நான் சுதந்திரமான ஆளு. நீங்க ஜன்னல் பக்கம் நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுறேன்.

என் பேரு ஜெயக்கொடி. சிவகாசி செந்தாழை காலண்டர்ஸ்ல டிசைனர். பத்தொன்பது வருஷம். உங்க வீட்டுச் சுவத்துல என் சாமி ஒண்ணாவது தொங்கியிருக்கும், நீங்களும் தெனமும் கும்புட்டிருப்பீங்க. அதுக்கெல்லாம் நன்றி எதிர்பாக்குறவன் இல்ல நான்.

எனக்கு ஊர்ல ஓட்டைவாய்னு பேரு. இதை நானே சொல்லிருறேன், இல்லைன்னா கதை புரியாது. ஆனா அந்தப் பேரு தப்பு, அண்ணாச்சி. ஒரு உதாரணம் சொல்றேன். என் கொழுந்தியாளைப் பொண்ணு பாக்க வர்றாங்க, அவ பயந்துக்கிடுவா, அவகிட்ட சொல்லாதீங்கன்னு வீட்ல எல்லாரும் சேந்து முடிவு பண்ணினாங்க. நான் சொன்னேனா? சொல்லல. ‘வெள்ளிக்கிழமை நல்ல சேலையா கட்டிக்கோ, மாப்பிள்ளை கொஞ்சம் உயரம்’ அப்படின்னேன், அம்புட்டுத்தான். இதுல நான் என்னத்தைச் சொல்லிட்டேன்? அவளா கண்டுபிடிச்சா. பழி எனக்கு.

அதை விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்.

எங்க தொழில்ல ஆடிப்பெருக்குத்தான் எல்லாம். அன்னைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளிய விடுவோம். ஏஜென்டுகள் வருவாங்க, புரட்டிப் பாப்பாங்க, எது புதுசா இருக்கோ அதுக்கு ஆர்டர் குடுப்பாங்க. அதுக்கு முந்தி எந்தக் கம்பெனி எந்த சாமியை எப்படி நிப்பாட்டியிருக்குன்னு பக்கத்து டேபிளுக்கே தெரியக்கூடாது.

இந்த வருஷம் நான் ஒரு முருகன் போட்டேன் பாருங்க. சொல்லும்போதே புல்லரிக்குது. ஆறு வயசு முருகன். வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வேலைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, பித்தளைச் செம்புல தண்ணி மோந்து மயிலைக் குளிப்பாட்டுறாரு. தோகை விரிச்ச மயிலை எல்லாரும் போட்டாச்சு. நனைஞ்ச மயிலை யாராச்சும் பாத்திருக்கீங்களா? தோகையெல்லாம் ஒட்டிப்போயி, பாவம், மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்குது. சீயக்காய் பட்டுருச்சு, அதனால ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருக்கும். அந்த ஒரு கண்ணுக்கு நான் நாலு நாள் வேலை பாத்தேன். முதலாளி பாத்துட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ரத்தினசபாபதின்னு பேரு அவருக்கு. அவரு கண்ணாடி துடைச்சா படம் பாஸ்னு அர்த்தம்.

இப்பல்லாம் நாங்க படத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டர்ல செய்யுறது இல்ல. மதுரையில ஒரு கம்பெனி. பேரு மட்டும் வேண்டாம், கையெழுத்துப் போடாட்டியும் ஒரு மரியாதை இருக்குல்ல. அங்க பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க. அதுக்குள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு. செங்கல் பருமன் இருக்கும், படம் வரையுற வேலை மொத்தத்தையும் அதுதான் செய்யும். ஒரு முடியை முடியா, ஒரு தண்ணிச் சொட்டைச் சொட்டா ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல போடும். அதை நாங்க மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்துக்கிடுவோம். சிவகாசியில உக்காந்தபடிக்கே நெட்டுல வேலை. எங்க நேரம் முடிஞ்சா வேற யாருக்கோ குடுத்துருவாங்க. அந்த வேற யாரோ யாருன்னு நமக்கு எதுக்கு? பஸ்ஸுல நமக்கு முன்னாடி இந்த சீட்டுல யாரு உக்காந்தாங்கன்னா கேக்குறோம்?

ஆடிப்பெருக்குக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. ஈரோட்டு ஏஜென்ட் ஒருத்தர் வந்தாரு. முதலாளி ரூமுக்குப் போனாரு. அஞ்சு நிமிஷம். என்னைக் கூப்பிட்டாங்க. மேசையில ஏஜென்ட் போன் கெடக்கு. போன்ல ஒரு படம். நவமணி காலண்டர்ஸோட சாம்பிள். நவமணின்னா எங்களுக்கு எதிரிக் கம்பெனி. அந்த முதலாளி குமரகுருபரன், எங்க முதலாளிக்குச் சித்தப்பா மகன்தான், ஆனா பன்னெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஒரே தெருவுல எதிர்ல வந்தா எங்க முதலாளி கடைக்குள்ள நுழைஞ்சு தேவையில்லாத சாமான் வாங்குவாரு.

“ஜெயக்கொடி, இது என்னய்யா?”

“மயிலு முதலாளி.”

“யாரு மயிலு?”

பாத்தேன் அண்ணாச்சி. சின்ன முருகன், ஈரத் தோகை, துண்டை வச்சுத் துவட்டி விடுறாரு. மயிலு ஒரு கண்ணை மூடியிருக்கு.

“நம்ம மயிலு முதலாளி.”

“நம்ம மயிலு அவன் வீட்டுக்கு எப்படிய்யா போச்சு?”

நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. சலூன்ல சொன்னது வேற, அங்க முருகன்னு மட்டுந்தான் சொன்னேன், மயிலைப் பத்தி வாயே திறக்கல. ஆனா ரூம்ல இருந்த அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்கல, என் வாயைப் பாக்குறாங்க. கேஷியர் அம்மா பாக்குறாங்க, கட்டிங் மிஷின்காரர் பாக்குறாரு. முதலாளி மெதுவாத்தான் சொன்னாரு. “ஆடிப்பெருக்கு முடியட்டும். அதுவரைக்கும் நீ வரவேண்டாம். அதுக்கப்புறம் வரணுமா வேண்டாமான்னு பெறகு சொல்றேன்.” திட்டியிருந்தா பரவாயில்ல.

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி சொர்ணலதா நூலகத்துல வேலை பாக்குறா. பேசாம இருக்கணும்னு போர்டு போட்ட இடத்துல வேலை, எனக்கு வாக்கப்பட்டிருக்கா, அவ விதி. நான் சொன்னதை முழுசும் கேட்டா. கேட்டுட்டு, “இந்தத் தடவையும் நீங்கதானா?” அப்படின்னா.

அம்புட்டுத்தான் கேட்டா. அதுக்கப்புறம் ரெண்டு நாளு என்கூடப் பேசல. சோறு வைப்பா, ரசம் ஊத்துவா, போயிருவா. பத்தொன்பது வருஷ வேலை போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். இவ நம்பலையேன்னு இருந்துச்சு. என்னை ஒரு தடவைகூட நம்பலையேன்னு. ஏன்னா இந்த ஒரு தடவைதான் அண்ணாச்சி, என் வாழ்க்கையிலேயே இந்த ஒரே தடவைதான், நான் செய்யல!

மூணாம் நாள் சும்மா இருக்க முடியல. வேலைதான் போச்சே தவிர பாஸ்வேர்டு என்கிட்டத்தான இருக்கு? சொர்ணான்னு இங்கிலீஷ்ல போட்டுக் கல்யாண வருஷம், அம்புட்டுத்தான், யாருக்கும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டு மதுரை மிஷினுக்குள்ள போயிட்டேன். என் மயிலைக் கடைசியா ஒருதரம் பாக்கணும்னு. புதுப் பக்கம் ஒண்ணைத் திறந்தேன். திறந்ததும் வெள்ளையா வர்றதுக்கு முந்தி, கண்ணு சிமிட்டுற நேரம், அதுல என்னமோ தெரிஞ்சு மறையும். துண்டு துண்டா, கிழிச்சுப் போட்ட போஸ்டர் மாதிரி. இது எப்பவும் நடக்குறதுதான். நான் முந்தியும் பாத்திருக்கேன். ஒருநாள் ஒரு கோயில் மணியில பாதி. ஒருநாள் யாரோ முட்டி எலும்பு, எக்ஸ்ரே. பேரு வேற போட்டிருந்துச்சு ஓரத்துல, எங்க ஊரு ரிட்டயர்டு தலைமையாசிரியர்! அடுத்த நாள் டீக்கடையில பாத்தேன், ‘சார் இடது முட்டியைப் பாத்துக்கிடுங்க, தேஞ்சிருக்கு’ன்னேன். மனுசன் கையில இருந்த டீ சிந்திருச்சு. நல்லதுதான சொன்னேன்?

இன்னொரு நாள் ஒரு தங்க மேகம் வந்துச்சு. என்னா அழகு! அதை அப்படியே பிடிச்சு வச்சு எங்க சரஸ்வதிக்குப் பின்னாடி போட்டேன். கம்ப்யூட்டரா குடுத்தது, வேண்டாம்னு சொல்லுவாங்களா?

ஆனா அன்னைக்கு வந்தது வேற. செவப்பு எழுத்து. பாதி எழுத்து. ‘…வமணி கால…’ன்னு தெரிஞ்சு மறைஞ்சுருச்சு.

நான் போட்ட சத்தத்துல சொர்ணம் கரண்டியோட ஓடி வந்தா. “ஷாக் அடிச்சிருச்சா?”ன்னா. ரெண்டு நாளைக்கப்புறம் அவ பேசுன மொத வார்த்தை. நான் மூடுறேன், திறக்குறேன், மூடுறேன், திறக்குறேன். போனை எடுத்துப் படம் பிடிக்கப் பாத்தா அதுக்குள்ள மறைஞ்சுருது. அவ போனைப் பிடுங்கி வீடியோ எடுத்தா. நிப்பாட்டிப் பாத்தோம். நவமணி காலண்டர்ஸோட தினத்தாள், தேதி கட்டம், கீழ அவங்க கம்பெனிப் பேரு. எங்க மிஷின்ல!

சொர்ணம் ரொம்ப நேரம் அதையே பாத்தா. “அவங்க படம் உங்களுக்குத் தெரியுதுன்னா, உங்க படமும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?” அப்படின்னா. எனக்கு அதுவரைக்கும் இது தோணவே இல்ல, அண்ணாச்சி. அவங்களை மாட்டிவிடலாம்னுதான் குதிச்சுக்கிட்டிருந்தேன். அவதான் யோசிச்சுச் சொன்னா. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, “அப்ப இது நீங்க இல்லையா?” அப்படின்னா.

“நான் இல்ல சொர்ணம்! நான் இல்லவே இல்ல!”

அடுப்புல குழம்பு தீஞ்சுருச்சு. ரெண்டு பேருமே எந்திரிக்கல.

நவமணியில டிசைனர் ஒரு பொண்ணு, பிரிசில்லா. நூலகத்துல உறுப்பினராம், வாரத்துக்கு நாலு புஸ்தகம் எடுப்பாளாம். சொர்ணம் அவளை நூலகத்துக்கு வரச் சொன்னா. மறுநாள் நாங்க மூணு பேரும் ஒரு மேசையில. அமைதின்னு தலைக்கு மேல போர்டு. நான் எப்படி மெதுவாப் பேசுறது? அதுவும் அந்த விஷயத்தை! நாலு தடவை என் வீட்டுக்காரியே என்னை வெளிய அனுப்பிருவேன்னு மிரட்டினா.

பிரிசில்லா வந்து உக்காந்ததும் அழ ஆரம்பிச்சுட்டா. சத்தமில்லாம. “சார், நான் திருடல. அது தானா வந்துச்சு. ஒருநாள் புதுப் பக்கம் திறந்தேன், மயிலு வந்துச்சு. நனைஞ்ச மயிலு. சேவ் பண்ணிட்டேன். புதுசா போட்ட சாப்ட்வேர்தான் வரைஞ்சிருக்குன்னு நெனச்சேன். எனக்கு அம்புட்டு சந்தோஷம் சார். ஜெபம் பண்ணினேன்.”

“முருகன் படத்துக்கா?”

“மயிலுக்கு சார்.”

எனக்குக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. நான் நாலு நாள் வேலை பாத்த கண்ணைப் பாத்து ஒருத்தி கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கா. இதைவிட என்ன வேணும்? நான் கேட்டேன், “அந்தக் கண்ணு நல்லா வந்திருக்குல்ல?” “சார், அந்தக் கண்ணைத்தான் நான் தொடவே இல்ல. அப்படியே வச்சுட்டேன்”னா. ரெண்டு பேரும் மயிலைப் பத்தி அரைமணி நேரம் பேசியிருப்போம், சொர்ணம் மேசையைத் தட்டிட்டா.

போகும்போது அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி ஒண்ணு சொன்னா. “சார், உங்க சரஸ்வதி படத்துக்குப் பின்னாடி ஒரு தங்க மேகம் இருக்குன்னு சொன்னீங்கல்ல? அது என்னோட பரலோக மேகம் சார். இயேசு காலண்டருக்குப் போட்டது.”

அது வேற விஷயம், அண்ணாச்சி. மேகம்ங்கிறது பொது.

சரி, மதுரைக்குப் போன் போட்டோம். அங்க இஞ்சினியர் ஹஸீனான்னு ஒரு மேடம். மொதல்ல, ‘அப்படியெல்லாம் நடக்காது சார்’னாங்க. எல்லாருமே மொதல்ல அப்படித்தான சொல்லுவாங்க? வீடியோவை அனுப்பினோம். அரைமணி நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. குரலு மாறிப்போச்சு.

“சார், நீங்க ஓட்டலுக்குப் போறீங்க. முன்னாடி சாப்பிட்டவர் இலையை யாரும் எடுக்கல. அதுக்கு மேலயே உங்க இலையை விரிக்கிறாங்க. விரிக்கிறதுக்கு முந்தி ஒரு நொடி, அவர் என்ன சாப்பிட்டார், எதை ஒதுக்கி வச்சார்னு உங்க கண்ணுக்குத் தெரியும்ல? அதுதான் நடந்திருக்கு. கார்டுக்குள்ள மெமரி இருக்கு. ஒருத்தர் வேலை முடிஞ்சதும் அதைத் துடைச்சிட்டுத்தான் அடுத்தவருக்குக் குடுக்கணும். துடைக்கிற வேலையை அந்தக் கார்டோட சாப்ட்வேர் செய்யும்னு நாங்க நம்பிட்டோம். அது செய்யல.”

“மேடம், அப்ப துடைச்சிட்டா சரியாப் போயிருமா?”

“எங்க மிஷின்ல நாங்க இன்னைக்கே துடைச்சிருவோம். ஆனா இதே மாதிரி கார்டு ஊர் உலகமெல்லாம் இருக்கு. அதோட முடியல. இலையை எடுத்தாலுமே, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை வச்சு சட்னி அரைக்கிறாங்களா மாவு அரைக்கிறாங்களான்னு சொல்லிரலாம்ல? அந்த மாதிரி, கார்டு எம்புட்டு நேரம் எடுக்குது, எப்ப மூச்சு வாங்குதுன்னு பாத்தே பக்கத்துல ஓடுற வேலை என்னன்னு கண்டுபிடிக்கிற ஆளுங்களும் இருக்காங்க.”

எனக்கு அந்தக் கார்டு மேல ஒரு பாசமே வந்துருச்சு. என்னை மாதிரியே ஒரு ஜீவன்னு நெனச்சேன்னா நீங்க தப்பா எடுத்துக்கிடக்கூடாது. அது வேணும்னு சொல்லல. உள்ள இருந்தது தானா வந்துருச்சு.

பேச்சுவாக்குல தலைமையாசிரியர் முட்டியைப் பத்தியும் சொன்னேன். மேடம் உடனே கேட்டாங்க. “சார், ஸ்கேன் சென்டர் படமா? பேரோடயா பாத்தீங்க?” ஆமான்னேன். “காலண்டரை விடுங்க சார். இது வேற”ன்னாங்க. எனக்கு அப்பவும் புரியல. முட்டிதான மேடம்னேன். “இன்னைக்கு முட்டி சார். நாளைக்கு யாரோ ஒரு பொண்ணோட ஸ்கேனா இருக்கலாம். அவ வீட்லயே இன்னும் சொல்லாத விஷயமா இருக்கலாம்.” அப்படிச் சொன்னாங்க. பக்கத்துல உக்காந்திருந்த சொர்ணம் ஏனோ எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கென்ன தெரியும் அப்ப?

எனக்கு இருந்த அவசரம் முதலாளி. இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டணும். மேடத்துக்கிட்ட ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சிக் கேட்டேன். துடைக்கிறதை ஒரு அரைமணி நேரம் மட்டும் நிப்பாட்டி வைங்க, வேற யாரையும் உள்ள விடாதீங்க, நாங்க ரெண்டு கம்பெனி மட்டும். அவங்களுக்கும் சோதிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. சரின்னாங்க.

ஆடிப்பெருக்குக்கு மூணு நாள் முந்தி. காலை பதினோரு மணி. எங்க ஆபீஸ்ல முதலாளி ரூம். பெரிய டிவியில கம்ப்யூட்டரை மாட்டியிருக்கேன். மொத்த ஆபீசும் பின்னாடி நிக்குது, அச்சுக்கூடத்துல இருந்து மை அப்பின கையோட வேற வந்து நிக்கிறாங்க. அந்தப் பக்கம் நவமணியில பிரிசில்லா. ஏற்பாடு என்னன்னா, எங்களுக்குச் சுத்தமாத் தெரியாத ஒரு படத்தை அவங்க முதலாளி போன்ல இருந்து எடுத்து அவ கார்டுல ஏத்தணும். வேலையை முடிச்சு வெளிய வரணும். உடனே நான் உள்ள போகணும். அந்தப் படம் என் திரையில தெரியணும்.

எங்க முதலாளி நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்காரு. “அவன் போன்ல இருக்குற படத்தையெல்லாம் பாக்கணும்னு என் தலையெழுத்து”ன்னு மூஞ்சியைச் சுழிக்கிறாரு. அங்க குமரகுருபரன் வேற ஒரு போன்ல பேசிக்கிட்டே, ‘கடைசியா எடுத்ததுல எதையாச்சும் போடும்மா’ன்னு இந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுத்திருக்காரு. அவளும் எடுத்துப் போட்டுட்டா. என்ன படம்னு ஒழுங்காப் பாக்கக்கூட இல்லையாம், பதட்டம்.

போன் அடிச்சுச்சு. “முடிச்சுட்டேன் சார்.”

திறந்தேன். இந்தத் தடவை மேடம் சொல்லிக்குடுத்த மாதிரி, வெள்ளை வர்றதுக்கு முந்தி நிப்பாட்டி வச்சு, துண்டுகளை ஒண்ணொண்ணா அடுக்கினேன். மொதல்ல பச்சை. அப்புறம் வெள்ளையா நுரை. “தண்ணி!” அப்படின்னாங்க கேஷியர் அம்மா. அப்புறம் பாறை. அடுத்து ஒரு காசித்துண்டு. அடுத்து ஒரு தொப்பை, எண்ணெய் தேச்சு மினுமினுன்னு. “குத்தாலம்டோய்!”னு பின்னாடி இருந்து ஒரு சத்தம். எல்லாருக்கும் சிரிப்பு, எதிரிக் கம்பெனி முதலாளி தொப்பையாச்சே. எங்க முதலாளியும் சிரிக்கிறாரு. “போடுய்யா, போடு, மிச்சத்தையும் போடு!”ங்கிறாரு.

மிச்சத்தையும் போட்டேன், அண்ணாச்சி.

ரெண்டாவது ஒரு தொப்பை வந்துச்சு. அதுல குடல்வால் ஆபரேஷன் தழும்பு. அடுத்த துண்டுல ஒரு கை, அந்தத் தொப்பைக்காரர் தோள்மேல கிடக்கு. கையில பச்சைக்கல் மோதிரம். ரூம்ல சிரிப்பு நின்னுருச்சு. அந்த மோதிரத்தை நாங்க பத்தொன்பது வருஷமாப் பாக்குறோம். சம்பளக் கவரை நீட்டுற கையில இருக்கும். இப்ப நாற்காலிக் கைப்பிடியிலயும் இருக்கு.

“ஜெயக்கொடி, போதும்யா.”

என் கை நிக்கல. கடைசித் துண்டும் வந்துருச்சு. ரெண்டு தலை. எண்ணெய் வழிய, பல்லு முப்பத்திரண்டும் தெரிய, அருவிக்கு முன்னாடி ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கையைப் போட்டுக்கிட்டு, பன்னெண்டு வருஷமாப் பேசாத ரத்தினசபாபதியும் குமரகுருபரனும்! போன மாசம் பேப்பர் மில்லைப் பாக்கச் சென்னைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன மனுசன்!

மொதல்ல வெடிச்சது கேஷியர் அம்மாதான். சேலைத் தலைப்பை வாயில அடைச்சும் நிக்கல. அப்புறம் மொத்த ரூமும். கட்டிங் மிஷின்காரர் தரையில உக்காந்துட்டாரு. போன்ல அந்தப் பக்கம் பிரிசில்லா, “சார், என்ன சார்? படம் வந்துச்சா சார்?”னு கத்துறா. “வந்துச்சும்மா! தெளிவா வந்துச்சு!”ங்கிறேன். முதலாளி மூஞ்சி சிவந்து, கருத்து, அப்புறம் அவரும் சிரிச்சாரு பாருங்க. நாற்காலி ஆடுது. கண்ணுல தண்ணி.

ரெண்டு பேரும் சமாதானமாகி ரெண்டு வருஷமாச்சாம். வீட்டம்மாக்களுக்குள்ளதான் இன்னும் ஆகலையாம். அவங்களுக்குப் பயந்துக்கிட்டு வருஷா வருஷம் சாரல் நேரத்துல குத்தாலத்துல திருட்டுத்தனமாச் சந்திச்சு, எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வர்றாங்களாம். கண்ணைத் துடைச்சுக்கிட்டு எல்லாரையும் பாத்து, “இது இந்த ரூமைத் தாண்டக்கூடாது”ன்னாரு. சொல்லும்போது என்னைத்தான் பாத்தாரு. நானும் தலையாட்டினேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன இருக்கு, நீங்க யாரு, அவரு யாரு?

அப்புறம் என்ன, அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு முதலாளியும் போன்ல பேசி முடிச்சாச்சு. குளிப்பாட்டுற முருகன் எங்களுக்கு. துவட்டுற முருகன் அவங்களுக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஏஜென்டுகள் ரெண்டையும் சேத்து மாட்டிப் பாத்துட்டு, ஜோடியா வேணும்னு ரெண்டு கம்பெனிக்கும் அலையுறாங்க. என்னை முதலாளி எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு, “இவன் இல்லப்பா. இந்தத் தடவை இவன் இல்ல”ன்னாரு. கை தட்டினாங்க, அண்ணாச்சி! ஒரு மனுசன் ஒண்ணும் செய்யாததுக்குக் கைதட்டு வாங்கினது உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அதுக்கு மேல ஹஸீனா மேடம் வேற, கார்டு கம்பெனிக்கு எழுதுற அறிக்கையில மொதல்ல கவனிச்சவர்னு என் பேரையும் பிரிசில்லா பேரையும் போடுறாங்களாம். ஜெயக்கொடி, சிவகாசி. இங்கிலீஷ்ல! அதுக்குத்தான் இன்னைக்குக் கையெழுத்து.

ஆனா நான் இன்னைக்கு இப்படிக் குதிக்கிறது அதுக்கெல்லாம் இல்ல.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு மத்தியானம் சொர்ணம் எலுமிச்சஞ்சாதம் கிண்டியிருந்தா. சாப்பிட்டு முடிச்சேன். “ஒண்ணு சொல்லணும்”னா. சொன்னா. எனக்குக் காதுல விழுந்துச்சு, ஆனா உள்ள போகல. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னா.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம், அண்ணாச்சி.

அவளுக்கு மூணு வாரமாவே தெரியுமாம். நான் வேலை போயி உக்காந்திருந்தப்பவும் தெரியும். மேடம் போன்ல ஸ்கேனைப் பத்திப் பேசினப்பவும் தெரியும். “ஏன் என்கிட்ட சொல்லல?”ன்னேன். கொஞ்சம் கோவமாத்தான் கேட்டேன். அவ கோவப்படல. “ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன்ல. நாலே நாள்ல ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. அப்புறம் இல்லைன்னு ஆயிருச்சு. அதை யாருக்கும் நீங்க சொல்லல. கேட்டவங்க ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொன்னேன். பால்காரருக்குக்கூட நான்தான் சொன்னேன்.”

பால்காரர் கேட்டது எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது.

ம். சரி. அது அப்ப.

“மூணு மாசம் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் கூடாது. எங்க அம்மாவுக்கே நான் இன்னும் சொல்லல”ன்னா. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். இன்னைக்கோட பதினோரு நாள்! நான் எதையுமே பதினோரு மணி நேரம் வச்சிருந்ததில்ல. காலையில கண்ணாடியில பாத்தா என் மூஞ்சியே எனக்கு வீங்குன மாதிரி தெரியுது. ஆபீஸ்ல, ‘என்னய்யா பேசாம இருக்க, உடம்பு சரியில்லையா’ங்கிறாங்க. ஒருத்தர்கிட்ட சொல்லல. நீங்க மதுரைக்காரர், விருதுநகர் தாண்டியாச்சு, இனி உங்களை நான் பாக்கவா போறேன்? அதனால இது சொன்னதுல சேராது.

என்ன? மதுரை இல்லையா?

மதுரைக்கு மகளைப் பாக்கப் போறீங்களா! சரி, சரி. நான்தான் பேசிக்கிட்டே வந்துட்டேன், எந்த ஊருன்னு கேக்கவே இல்ல பாருங்க. எந்த ஊரு நீங்க?

சாத்தூரா!

சாத்தூர்ல எங்க? தண்ணித்தொட்டித் தெருவா? இருங்க, இருங்க. அந்தத் தெருவுல பேச்சியம்மாள்னு… சேவுக்கடைக்கு அடுத்த வீடு… எதிர் வீடா? நீங்க எதிர் வீடா? சொர்ணத்தைச் சின்னப் பிள்ளையில இருந்தே தெரியுமா!

ஐயையோ.

அண்ணாச்சி, சிரிக்காதீங்க. கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு. நான் சொல்றதைக் கேளுங்க. எங்க மாமியார்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிரக்கூடாது. எனக்காக இல்ல. சொர்ணம் சொல்லணும். அவ அம்மாகிட்ட அவளே போயி, அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லணும். அது அவ விஷயம். நான் சொல்றதுக்கு இல்ல, நீங்க சொல்றதுக்கும் இல்ல. சரியா? சத்தியமா?

சரி.

ஆனா ஒண்ணு. அவ போயிச் சொல்ற அன்னைக்கு நீங்க எதிர் வீட்லதான இருப்பீங்க? அவங்க அம்மா மூஞ்சி எப்படி ஆகுதுன்னு வாசல்ல நின்னு பாத்துட்டு, எனக்கு மட்டும் ஒரு போன் பண்ணிருங்க. என் நம்பரைக் குறிச்சுக்கிடுங்க, சொல்றேன்.